பேட்ச்சைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டாம் உலகப்போர் அமெரிக்க விமானப்படையின் தோள்பட்டைத் துணிச்சின்னங்கள்

கேள்வி இது: “ஒஹாயோவில் எங்கள் பக்கத்துத் தெரு முதியவர் ஒருவர் காலமான பிறகு வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் ஒரு தகர டப்பா வாங்கினேன். உள்ளே ஐந்து துணிச்சின்னங்கள் இருந்தன. நீல வட்டத்தில் சிறகு வைத்த நட்சத்திரம் ஒன்று. சிறகு முளைத்த 8 ஒன்று. ஜரிகை மாதிரிக் கம்பியால் கையால் செய்த, சிறகுள்ள புலி ஒன்று. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட தோல் கேடயம் ஒன்று. காக்கித் துணியில் தங்க நிறப் பறவை ஒன்று. அடியில் கொஞ்சம் பழைய காகிதங்களும் கிடக்கின்றன, அவற்றைத் தூக்கிப் போடலாமா? இவை அசலா, என்ன விலை போகும், துவைக்கலாமா?”

முதலில் அவசரமான இரண்டுக்குப் பதில். துவைக்காதீர்கள். காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் முதல் இரண்டும் மிகச் சாதாரணமானவை. புலியும் கேடயமும்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை. பறவை தோள்பட்டைச் சின்னமே இல்லை. அது சாய்சதுரத் துணியில், வளையத்துக்குள் சிறகு விரித்த கழுகாக இருந்தால், போர் முடிந்து கௌரவமாக விடுவிக்கப்பட்டவர்கள் சட்டையின் வலது மார்பில் தைத்துக்கொண்டது. ‘கிழிந்த வாத்து’ என்று வீரர்களே கேலியாகப் பெயர் வைத்தார்கள். லட்சக்கணக்கில் கொடுத்த பொருள், காசு பெயராது. ஆனால் டப்பாவுக்குச் சொந்தக்காரர் பணியில் இருந்தவர்தான் என்பதற்கு அது ஒரு சின்னச் சாட்சி.

இந்தப் பேட்ச்சுகளைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் அமெரிக்காவுக்குத் தனி விமானப்படை கிடையாது. 1941 ஜூனில் ‘ஆர்மி ஏர் ஃபோர்சஸ்’ என்று பெயர் மாறினாலும் அது தரைப்படையின் ஒரு பகுதிதான். தனிப்படை ஆனது 1947 செப்டம்பரில். அதனால் தோள்பட்டையில் பிரிவுச் சின்னம் தைப்பது என்ற தரைப்படை வழக்கம் விமானக்காரர்களுக்கும் வந்தது. இடது தோளில் இப்போது இருக்கும் பிரிவு. வலது தோளில், முன்பு போர்க்களத்தில் இருந்த பிரிவு. இங்கிலாந்திலிருந்து பறந்து குண்டு போட்டுவிட்டு ஊர் திரும்பிப் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்தவரின் சட்டையில் வலது தோளில் 8, இடது தோளில் வேறொன்று என்று இருக்கும். சட்டையோடு கிடைத்தால் இந்த இட வலமே ஒருவருடைய பணிக் கதையைச் சொல்லிவிடும். தனிப் பேட்ச்சாகக் கிடைக்கும்போது அந்தத் தகவல் போய்விடுகிறது.

உங்கள் முதல் பேட்ச், நீல வட்டத்தில் தங்க ஆரஞ்சுச் சிறகும் வெள்ளை நட்சத்திரமும், 1942-இல் வந்த பொதுச் சின்னம். படைத்தலைவர் ஹாப் ஆர்னால்டின் பெயரால் ‘ஹாப் ஆர்னால்ட் பேட்ச்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். எட்டாம் படை, பதினான்காம் படை என்று எண்ணிட்ட படைகளுக்குத் தனிச் சின்னம் வருவதற்கு முன் எல்லோரும் இதைத்தான் தைத்தார்கள், பின்னாலும் பலர் தைத்தார்கள். 1944-இல் உச்சத்தில் 24 லட்சம் பேர் இருந்த படை அது. ஒரு ஆளுக்கு மேலங்கி, சட்டை, கோட்டு என்று பல உடுப்புகள். எத்தனை தைத்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எண்பது வருடம் ஆனது என்பதற்காக எதுவும் அபூர்வமாகிவிடாது.

நட்சத்திரத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கிறதா? இருக்க வேண்டும். “1942 மே மாதமே சிவப்பை எடுத்துவிட்டார்களே, அப்படியானால் இது போலி” என்று அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பயமுறுத்துவார்கள். எடுத்தது விமானங்களின் இறக்கையிலிருந்தும் உடலிலிருந்தும். ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டம் என்று நினைத்து அமெரிக்கர்களே தங்கள் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்ற காரணம். சட்டைத் தோளைப் பார்த்து யாரும் விமானத்தைச் சுடப்போவதில்லை என்பதாலோ என்னவோ, பேட்ச்சுகளில் சிவப்பு கடைசி வரை இருந்தது.

அடுத்து 8. போர்க்காலத்தில் எண்ணிட்ட படைகள் 1 முதல் 15 வரையும், அப்புறம் 20-உம் மட்டுமே. 16, 17, 18, 19 அப்போது இல்லை. யாராவது 17 போட்ட பேட்ச்சைப் ‘போர்க்காலம்’ என்று விற்றால் சிரித்துவிட்டு நகரலாம். இங்கிலாந்திலிருந்து ஜெர்மனி மீது பறந்த எட்டாம் படையின் சின்னம் 1943 மே மாதம் அங்கீகாரம் பெற்றது. கனமான தங்க நிற 8, அந்த எட்டின் கீழ்ச் சுழிக்குள் நட்சத்திரம், இரண்டு பக்கமும் சிறகு. சினிமாவாலும் புத்தகங்களாலும் எல்லோருக்கும் தெரிந்த படை என்பதால் வாங்க ஆள் அதிகம். சரக்கும் அதிகம். அதோடு இன்னொரு சிக்கல்: எட்டாம் படை இன்றைக்கும் இருக்கிறது, சிறகு வைத்த எட்டும் இருக்கிறது. எழுபது எண்பது வருடமாக இந்தச் சின்னத்தைத் தைத்துக்கொண்டே இருக்கிறார்கள். முன்பக்கத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது.

ஆகவே பேட்ச்சைத் திருப்புங்கள்.

அமெரிக்காவில் செய்த போர்க்காலப் பேட்ச்சுகள் பெரும்பாலும் இயந்திர எம்பிராய்டரி. நியூ ஜெர்சியின் ஹட்சன் கவுண்டியில் இதற்கென்றே தறி மாதிரி நீண்ட இயந்திரங்கள் வைத்த பட்டறைகள் ஏராளம் இருந்தன. நீளத் துணியில் வரிசை வரிசையாகத் தைத்து, ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார்கள். அதனால் விளிம்பு வெட்டிய விளிம்பாகவே இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வட்டத்தைச் சுற்றிப் பிசிறு நூல்கள் தெரியும். இன்று எல்லாப் பேட்ச்சிலும் காணும் தடித்த, ஓவர்லாக் அடித்த விளிம்பு 1960-களுக்குப் பிறகுதான் பரவலானது. விளிம்பில் அது இருந்தால் போர்க்காலப் பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் ஒரு சின்ன நூல் வால் பின்பக்கம் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பின்பக்கத்தில் பாபின் நூல் தெரியும். தையற்காரர்கள் சொல்லும் அதே பாபின்தான். அது பெரும்பாலும் வெள்ளைப் பருத்தி நூல். முன்பக்க வடிவம் முழுக்கப் பின்னால் வெள்ளை மூட்டமாகத் தெரிவதைச் சேகரிப்பாளர்கள் ‘பனி முதுகு’ என்பார்கள். சிலவற்றில் ஆலிவ் பச்சை நூல் போட்டிருப்பார்கள், அதற்குப் ‘பச்சை முதுகு’ என்று பெயர், கொஞ்சம் கூடுதல் விலையும் உண்டு. மெல்லிய வலைத்துணி ஒட்டியிருந்தாலும் பயம் வேண்டாம், அந்தக் காலத்தில் அதுவும் உண்டு. பிளாஸ்டிக் பூச்சு, இஸ்திரி போட்டு ஒட்டும் பசை, வெல்க்ரோ இவற்றில் எது இருந்தாலும் பின்னால் வந்தது.

நூல் பளபளக்கிறது, எனவே பாலியெஸ்டர், எனவே புதுசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போர்க்காலத்தில் ரேயான் நூல் தாராளமாகப் புழங்கியது, அதுவும் பளபளக்கும். சந்தேகம் வந்தால் கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அடித்துப் பாருங்கள். 1950-களுக்குப் பிறகு நூலிலும் சோப்புத்தூளிலும் வெண்மையூட்டும் ரசாயனம் கலப்பது வழக்கமானது. அது இருந்தால் வெள்ளைப் பகுதி நீலமாக ஜொலிக்கும். போர்க்கால நூல் மங்கலாகவே இருக்கும். நான் இந்தச் சோதனையை நம்புவேன், ஆனால் ஒரு பக்கமாக மட்டும். ஜொலிக்கவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, ஏனென்றால் வெண்மையூட்டி இல்லாத நூல் இன்றும் கிடைக்கிறது. ஜொலித்தால் போலி என்றும் உடனே சொல்ல முடியாது. யாரோ ஒரு பாட்டி 1965-இல் அந்தச் சட்டையை வாஷிங் மெஷினில் போட்டிருக்கலாம். அப்போது துணி, நூல், வெள்ளை, நீலம் எல்லாமே ஒரே மாதிரி மூட்டமாக ஒளிரும். நூல் மட்டும், அதுவும் வெட்டிய மாதிரித் துல்லியமாக ஒளிர்ந்தால் கீழே வைத்துவிடுங்கள். இப்போது புரிந்திருக்கும், ஏன் துவைக்க வேண்டாம் என்றேன் என்று. சாயம் இறங்கும் ஆபத்து ஒரு பக்கம். இன்றைய சோப்பு போட்டால் உங்கள் அசல் பேட்ச்சை நீங்களே போலி மாதிரி ஆக்கிவிடுவீர்கள்.

டீத்தண்ணீரில் முக்கிப் பழசாக்கிய சரக்கும் சந்தையில் உண்டு. அதில் முன்னும் பின்னும் ஒரே பழுப்பு. உண்மையில் பல வருடம் சட்டையில் இருந்த பேட்ச் வெயில் பட்ட முன்பக்கம் வெளிறி, பின்பக்கம் புதுசு போலவே இருக்கும். விளிம்பை மடித்துத் தைத்திருந்தால் மடிப்புக்குள் பழைய நீலம் அப்படியே கிடைக்கும். அந்த நீலத்தையும் வெளியே இருக்கும் நீலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

சரி, புலிக்கு வருவோம்.

சிறகுள்ள புலி பதினான்காம் படை. 1943 மார்ச்சில் சீனாவின் குன்மிங்கில் அமெரிக்கத் தளபதி கிளேர் ஷெனால்ட் தலைமையில் தொடங்கியது. சின்னம் அங்கீகாரம் பெற்றது அதே ஆண்டு ஆகஸ்டில். இதை விற்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘ஃபிளையிங் டைகர்ஸ்’ (பறக்கும் புலிகள்) என்று போட்டு விலையை ஏற்றுவார்கள். அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரர்கள் சீனாவுக்காகப் பறந்த ஷெனால்டின் அமெரிக்கத் தன்னார்வக் குழு, அது 1942 ஜூலை 4-இல் கலைக்கப்பட்டுவிட்டது. பதினான்காம் படை அந்தப் பெயரையும் புலியையும் வாரிசாக எடுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் பேட்ச்சைத் தன்னார்வக் குழுவில் இருந்த யாரும் அந்தக் குழுவுக்காகத் தைத்திருக்க முடியாது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

அமெரிக்காவில் இயந்திரத்தில் செய்த பதினான்காம் படைப் பேட்ச்சும் சுலபமாகக் கிடைப்பதே. ஆனால் நீங்கள் சொல்வது கையால், கம்பியால் செய்தது. சீனாவிலிருந்த அந்தப் படைக்குத் தரைவழி துண்டிக்கப்பட்டிருந்தது. பெட்ரோல் முதல் குண்டு வரை அசாமிலிருந்து இமயமலையின் கிழக்குக் கோடியைத் தாண்டி விமானத்தில்தான் போக வேண்டும். அந்தச் சுமையில் தோள்பட்டைத் துணிக்கு எங்கே இடம்? ஆகவே வீரர்கள் விடுப்பில் கல்கத்தாவுக்கோ டெல்லிக்கோ வந்தபோது அங்கே கடைவீதியில் செய்து வாங்கினார்கள், சீனாவிலேயே பட்டு நூலிலும் தைத்தார்கள். இந்தியாவில் ஜரிகைக் கம்பியால் பூவேலை செய்யும் ஜர்தோசி தலைமுறை தலைமுறையாக இருந்ததே, அவர்களுக்கு மொகலாய மயிலும் ஒன்றுதான், அமெரிக்கப் புலியும் ஒன்றுதான். மாதிரிப் பேட்ச்சைப் பார்த்தோ, காகிதத்தில் போட்ட படத்தைப் பார்த்தோ செய்தார்கள். அதனால் எந்த இரண்டு புலியும் ஒன்றாக இருக்காது. சிலதில் கண் பெரிது, சிலதில் மீசை இல்லை, சிலதைப் பார்த்தால் பாலுக்குக் காத்திருக்கும் வீட்டுப் பூனை போல இருக்கும். சேகரிப்பாளர்களுக்கு இந்தக் கோணல்கள்தான் பிடிக்கும்.

உங்கள் புலியை இப்படிப் பாருங்கள். கம்பி வேலை என்பது மெல்லிய உலோகக் கம்பியை ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஊசியில் கோத்துத் துணியில் பதிப்பது. வெள்ளி முலாம் பூசிய கம்பி காலப்போக்கில் கறுக்கும். நிஜமான கறுப்பு சீராக இருக்காது. மேடான இடத்தில், கை உரசிய இடத்தில் ஒரு நிறம், இரண்டு சுருளுக்கு நடுவில் பள்ளத்தில் வேறு நிறம். ரசாயனத்தில் முக்கிக் கறுக்க வைத்தது மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கத்தில் துணியோ காகிதமோ ஒட்டியிருக்கும். அதன் ஓரம் பழுத்து நொறுங்கியிருப்பது நல்ல அறிகுறி. அடித்துணி கம்பளியாக இருந்தால் அங்கங்கே பூச்சி அரித்த ஓட்டையும் இருக்கும், அது அழகைக் கெடுத்தாலும் நம்பிக்கையைக் கூட்டும். இன்றைக்குக் கம்பி வேலைப் பேட்ச்சுகள் பெருமளவில் பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து உலகம் முழுக்கப் போகின்றன. நேர்மையான தொழில்தான், அவர்கள் புதுசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நடுவில் வரும் ஆட்கள்தான் அதைப் பழசாக்குகிறார்கள். புதியவற்றில் அடித்துணி சிந்தெட்டிக் ஃபெல்ட், புலியின் முகம் அச்சடித்த மாதிரி ஒரே முகம், பின்பக்கம் மொரமொரவென்று வெள்ளைத் துணி. அந்த ஒரே முகத்தை ஏலத் தளங்களில் பத்துத் தடவை பார்த்துவிட்டால் பிறகு கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். கறுத்த கம்பியைப் பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். முலாம் போய்விடும், விலையில் பாதியும் அதோடு போகும்.

கோடு போட்ட கேடயம் சீனா-பர்மா-இந்தியா போர்முனையின் சின்னம். மேலே நீலப் பட்டையில் ஒரு பக்கம் சீனச் சூரியன், மறுபக்கம் நட்சத்திரம், கீழே சிவப்பு வெள்ளை நெடுங்கோடுகள். இதை விமானப்படைச் சின்னம் என்று சொல்வது தவறு. அசாமிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்கு லெடோ சாலை போட்ட பொறியாளரும் தைத்தார், ஆஸ்பத்திரிக்காரரும் தைத்தார், அசாமில் விமானம் பழுது பார்த்தவரும் தைத்தார். உங்களுடையது தோல் என்கிறீர்கள். தோலில் செய்தவை பறக்கும்போது போடும் தோல் ஜாக்கெட்டில் தைக்கத்தான் பெரும்பாலும் செய்யப்பட்டன, அதனால் விமானக்காரருடையதாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கோடுகள் தனித்தனித் தோல் துண்டுகளாக வெட்டித் தைத்ததா, ஒரே தோலில் சாயம் பூசியதா என்று பாருங்கள். வெட்டித் தைத்ததற்கு மதிப்பு அதிகம். தையல் நூல் பருத்தியா என்பதையும், தைத்துப் பிரித்த பழைய ஊசித்துளைகள் விளிம்பில் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். துளைகள் நீண்டு இழுபட்டிருந்தால் உண்மையிலேயே யாரோ உடுத்திய ஜாக்கெட்டில் இருந்தது.

(20 எண் போட்ட பேட்ச் உங்களிடம் இல்லை என்றாலும் ஒரு வார்த்தை. இருபதாம் படையின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் முதலில் வங்காளத்தின் கரக்பூரைச் சுற்றித்தான் இருந்தன. 1944 ஆகஸ்டில் அவை திருகோணமலை சீனக்குடா விமானத்தளத்திலிருந்து கிளம்பி சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கின. நம் பக்கத்துக் கடற்கரையோடு நேரடித் தொடர்புள்ள அமெரிக்கப் பேட்ச் என்றால் அதுதான்.)

விலை. அமெரிக்க இயந்திரத் தயாரிப்பில் பொதுச் சின்னம் சில டாலர். எட்டாம் படை தைக்காத புதுசாக இருந்தால் பத்து இருபது டாலர். ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. அதே எட்டு இங்கிலாந்தில் கம்பளி மீது கையால் செய்ததாக இருந்தால் பல மடங்கு ஏறும். ஆகவே உங்கள் எட்டின் அடித்துணி என்ன என்பதை மறுபடி பாருங்கள். இத்தாலியில் செய்த பதினைந்தாம் படைக் கம்பி வேலைக்கும் இதே கதை. புலியும் கேடயமும் அசல் என்று தேறினால் ஐம்பது டாலரில் தொடங்கி, வேலைப்பாடு நன்றாக இருந்தால் நூறைத் தாண்டிப் போவது சாதாரணம். இது தோராயம்தான், சந்தை ஏறும் இறங்கும். ஏலத் தளத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவை என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். ஆசைக்கு விலை போட யாரும் வரி கட்டுவதில்லை.

சாதாரணப் பேட்ச்சில் தைத்த தடம் விலையைக் குறைக்கும். வெளிநாட்டில் கையால் செய்ததில் அதே தடம் விலையைக் கூட்டும். விசித்திரமாகத் தோன்றினாலும் காரணம் நியாயமானதே: முதலாவதில் புதுசு ஏராளமாகக் கிடைக்கிறது, இரண்டாவதில் போலிதான் ஏராளமாகக் கிடைக்கிறது. இதே காரணத்தால்தான், பேட்ச் சட்டையோடு கிடைத்தால் தயவுசெய்து பிரித்து எடுக்காதீர்கள். காலர் உள்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும் மையால் குத்தியிருக்கும். அது சலவைக் குறி, குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கமும். அந்த ஒரு வரியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

இப்போது அந்தக் காகிதங்கள். அவற்றில் ‘டபிள்யூடி ஏஜிஓ 53-55’ என்று மூலையில் அச்சிட்ட தாள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது விடுவிப்புச் சான்றிதழின் பின்புறம். எந்தப் பிரிவு, எந்தப் போர்முனை, எப்போது கப்பலேறினார், எப்போது திரும்பினார், என்ன வேலை என்று எல்லாம் அதில் இருக்கும். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பணிக் கோப்புகள் எரிந்துபோயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் அடக்கம். போர்க்கால விமானக்காரர்கள் தரைப்படைக் கணக்கில் இருந்தவர்கள் என்பதால் அவர்களுக்கும் அதே கதிதான். உங்கள் டப்பாவில் இருப்பது அந்த ஆளைப் பற்றி மிஞ்சிய ஒரே தாளாகக்கூட இருக்கலாம்.

அந்தத் தாளில் சீனா அல்லது இந்தியா என்று இருந்தால் புலியும் கேடயமும் ஒரு பெயரோடு சேர்ந்துவிடும், மதிப்பும் தனி. இங்கிலாந்து என்று இருந்தால் எட்டு அவருடையதாக இருக்கலாம், புலி எங்கிருந்தோ வந்தது. எங்கிருந்தோ என்றால் சந்தேகப்பட வேண்டியதில்லை. கப்பலில் வீரர்கள் பேட்ச் மாற்றிக்கொள்வார்கள், அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் போர்க்காலத்திலேயே இவற்றைச் சேர்த்தார்கள். ஒரு டப்பாவில் இரண்டு படைகளின் சின்னம் இருப்பது சகஜம். ஆனால் “இவர் இரண்டிலும் பறந்தார்” என்று கதை கட்டி விற்காதீர்கள்.

ஐந்தையும் பிளாஸ்டிக் உறையில் போடாமல், ஒட்டாமல், அமிலமற்ற காகிதத்தில் தனித்தனியாக வைத்து வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். விற்கத்தான் போகிறீர்கள் என்றால் புலியின் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். அமெரிக்காவிலேயே இருப்பதால், ராணுவச் சின்னச் சேகரிப்பாளர்கள் சங்கமான ‘ஆஸ்மிக்’ உறுப்பினர்கள் கூடும் கண்காட்சி எதற்காவது கையில் எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. கம்பி வேலையைப் படத்தில் பார்ப்பதும் கையில் திருப்பிப் பார்ப்பதும் ஒன்றல்ல. அங்கே முதல் மேசையில் சொல்லும் விலைக்குத் தலையாட்டிவிடாமல் இரண்டு மூன்று மேசை ஏறி இறங்குங்கள். டப்பாவையும் தாளையும் பிரிக்காமல் சேர்த்தே காட்டுங்கள்.